பதினோரு சாவிகளுடன் ஏதென்ஸ்

டாங்கிக்கு நட்டு முடுக்கிய இந்த வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நானும் என் பெண்சாதி பொன்னியம்மாவும் ஏதென்ஸ் நகரத்து மலைக்கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

எப்படிப் போனீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். சில விஷயங்களை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்லலாம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் பன்னிரண்டு வீடு. பள்ளிக்கூடம் மூடியதும் பதினோரு வீட்டுக்காரர்களும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று ஆளுக்கொரு திசை.

எங்களுக்கும் ஊர் இருக்கிறது. பருத்திப்பட்டு. எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் தெரியும். கரையோடு நடந்தால், வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அதற்கு யாராவது டிரங்குப் பெட்டி தூக்குவார்களா?

ஜூன் பிறந்தால் எல்லாரும் திரும்பி வந்து குழாயடியில் ஊர்க்கதை பேசுவார்கள். பக்கத்து வீட்டு நாகம்மா திருநெல்வேலிக்காரி. “ஏக்கா, நீங்க இந்த வருசமும் ஊருக்குப் போவலியா?” என்று கேட்பாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. ஆனாலும் பொன்னியம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்த வருஷம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“யோவ், இந்த தபா அவ கேட்டா சொல்றதுக்கு எனக்கு ஒரு ஊரு ஓணும். இல்லாங்காட்டி கொழாயாண்டையே போவமாட்டேன்.”

தண்ணீர் இல்லாமல் குடித்தனம் நடக்காது. நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் ஒரு காலண்டர் தொங்கியது. மே மாதத்துக்கு வெள்ளை வெளேரென்று தூண்கள். படத்துக்குக் கீழே ஏதென்ஸ் என்று போட்டிருந்தது.

சரி, அதுவே இருக்கட்டும் என்றேன். மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

வெயிலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆவடி வெயில்தான். புழுக்கம் கிடையாது, அவ்வளவே.

காப்பிதான் மோசம். கப்பில் பாதி வண்டல். பொன்னியம்மா கடைக்காரனை நிற்கவைத்து, முந்தானையை நாலாக மடித்து, வடிகட்டிக் காட்டினாள். அந்தத் தெருவில் அன்றிலிருந்து வடிகட்டித்தான் கொடுக்கிறார்கள்.

மலைக்கோயில் வாசலில் வெள்ளைக்காரர்கள் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். காவல்காரன் பொன்னியம்மாவின் இடுப்பைப் பார்த்தான். ஊருக்குப் போனவர்கள் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன பதினோரு வீட்டுச் சாவியும் அங்கே தொங்கின. இத்தனை சாவி வைத்திருப்பவள் ஏதோ பெரிய கோயிலின் தர்மகர்த்தாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டான். சலாம் போட்டு முதலில் உள்ளே விட்டான்.

கோயில் என்றதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். கல் கொதித்தது. குதித்துக் குதித்துப் போனாள். அதுதான் முறை போலிருக்கிறது என்று பின்னால் வந்த நூறு பேரும் குதித்துக் குதித்து வந்தார்கள்.

“இன்னாயா இது, இம்மாந்தூணு நட்டுகினு மேல ஒரு ஓடு போடல?” என்றாள்.

எங்கள் தொழிற்சாலையில் சொன்னால் ஒரே ஷிப்டில் முடித்துக் கொடுப்பார்கள் என்றேன்.

ஒரு தூணின் நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு கிழவி. மடியிலிருந்து ஒரு கை நிறைய ஆலிவ் காய் எடுத்துக் கொடுத்தாள். உப்பில் ஊறிய களாக்காய் மாதிரி இருந்தது. பிறகு, எந்த ஊர் என்று கையால் கேட்டாள்.

பொன்னியம்மா எழுந்து நின்றாள்.

முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கிழக்குப் பக்கமாகத் திரும்பி, கையை முழுசாக நீட்டி, “பருத்திப்பட்டு” என்றாள்.

கிழவியும் கண்ணுக்கு மேலே கையை வைத்து அந்தத் திசையில் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

பொன்னியம்மா நீட்டிய கையை இறக்கவே இல்லை. என் பக்கம் மட்டும் திரும்பினாள்.

“இப்பதான்யா நம்ம ஊரும் தூரமா கீது.”

சொல்லிவிட்டு, ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மிச்சம் இருந்த ஆலிவ் காயைத் தின்றுகொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று.

ஜூன் மாதம் குழாயடியில் நாகம்மா கேட்டாள். நான் சைக்கிளைத் துடைக்கிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“போனமே. ஏதென்ஸு.”

“அது எந்தப் பக்கம்க்கா இருக்கு?”

“கடலுக்கு அந்தாண்ட. நல்ல ஊருதான் நாகம்மா. காப்பிதான் வாயில வெக்க முடியல.”

அன்றைக்குக் குடம் ததும்பத் ததும்ப வீட்டுக்கு வந்தாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த மூன்று நாளும், காலையிலும் சாயங்காலத்திலும், பதினோரு வீட்டையும் திறந்து அவர்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது பொன்னியம்மாதான்.

குடம் தூக்கியது நான்.