ஒன்பது மாத இன்ஜின்

"இது தகரம் தம்பி. பேப்பர் மட்டும்தான்னு ரூல்லயே போட்டிருக்கோமே" என்றார் காகிதக் கண்காட்சியின் முதல் நடுவர். ஒன்பது மாதம் ஒட்டிச் செய்த நீராவி இன்ஜினைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று சபரிராஜ் பயந்தான். "கிழிச்சே காட்டறேன் சார்" என்று புகைபோக்கியைக் கிழித்தான். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். இரண்டாம் நடுவர் அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்தார். "நான் பாக்கலியேப்பா." ஒரு சக்கரம் போயிற்று. மூன்றாம் நடுவரான பர்வீன் மேடம் இளகிய மனசுக்காரர். "பாவம், இனிமே எதையும் கிழிக்காதீங்க. நான் தொட்டே பாத்துக்கறேன்" என்று கொதிகலன்மேல் விரலை வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "பேப்பர்தானே மேடம்?" என்றான் சபரிராஜ். அவர் விரலை ஊதிக்கொண்டே, மற்ற இரண்டு நடுவர்களையும் மெல்லப் பின்னால் நகரும்படி சைகை காட்டினார்.