கூட்டுக்கு மட்டும்

ஏரி நடுவே நின்ற கருவேல மரத்தில் கொக்குகள் குடியிருந்தன. அவற்றுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. எல்லாரும் அவ்வப்போது ஒரு குச்சி கொடுத்துவைக்க வேண்டும். யார் கூடு காற்றில் விழுந்தாலும் அந்தக் குச்சிகளை வைத்துப் புதுக் கூடு கட்டித் தருவார்கள். விருப்பப்பட்டவர்கள் மீனும் கொடுக்கலாம். மீன் கொடுத்த வீட்டில், இரை தேடப் போனவர் திரும்பாமல் போனால், குஞ்சுகள் பறக்கும்வரை மற்றவர்கள் ஊட்டுவார்கள். வாங்கிப்போக வருவது, அலகின் கீழே பை தொங்கும் கூழைக்கடா.

வெள்ளச்சி என்ற பெண் கொக்கு குச்சி கொடுக்கத் தவறியதே இல்லை. மீன் பேச்செடுத்தால் மட்டும் அவளுக்கு ஆகாது.

"நாமளும் ஒரு மீன் கொடுத்துடுவோமே," என்றான் அவள் கணவன், கூழைக்கடா வாங்க வந்து நின்ற ஒருநாள்.

"நல்ல நாளும் அதுவுமா உங்க வாயில வேற பேச்சே வராதா? திரும்பாம எங்க போயிடுவீங்க?" என்று எரிந்து விழுந்தாள். கூழைக்கடா அலகை மூடிக்கொண்டு அடுத்த கிளைக்குப் போனது.

தை மாதத்தில் ஒருநாள் அவன் வாய்க்கால் பக்கம் இரைக்குப் போனான். அங்கே வேடர்கள் கண்ணி வைத்திருந்தார்கள்.

அதன்பிறகு வெள்ளச்சி கூட்டை விட்டு நகர்ந்தால் பருந்து வட்டமிட்டது. நகராவிட்டால் குஞ்சுகள் பசியில் கத்தின. அப்பன் வரும் திசையைப் பார்த்தே வாயைத் திறந்தன.

சேதி கேட்டுக் கூழைக்கடா வந்தது. அதன் பையில் மீன் இருந்தது, மீன் கொடுத்த வீட்டுக் குஞ்சுகளுக்கானது. வெள்ளச்சி அந்தப் பையையே பார்த்தாள். ஒரு குச்சியாவது உதிர்ந்திருக்காதா என்று கூழைக்கடா கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

கடைசியில், "கூடு நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி," என்றது.