நாய்க்கடித் தழும்பு

கம்பிவேலியில் தொங்கும் அப்பாவின் மணிக்கட்டை எல்லைக் காவல் நாய் கவ்வி இழுக்கிறது, ரத்தம் தெறிக்கிறது. மகள் ஆறு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கணினியில் வரைந்த அந்த அசையும் ஓவியம், கண்காட்சித் திரையில் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா நாற்காலியைத் தூக்கித் திரையில் ஒரே போடாகப் போட்டார்.

காவலாளிகள் இருவர் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை ஊன்றினார்கள். அவள் பதறி ஓடிவந்தாள்.

"என்னப்பா இது? சின்ன வயசுலேர்ந்து நீங்க சொன்ன கதைதானே? தழும்பைக்கூட போட்டோ எடுத்து, ஒவ்வொரு பல் தடமா அச்சு அசலா வரைஞ்சேனே."

"அதான் தப்பு." உதட்டில் ரத்தம் வழிய, காவலாளிகளுக்குப் புரியாத தாய்மொழியில் முனகினார். "நாய் கடிச்சா இப்படியாம்மா பதியும்?"

அவள் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். வட்டமாக, மனித வாய் அளவுக்கு இருந்தது தழும்பு.

"எல்லையில அவன்கிட்ட நுழைவுக் காகிதம் இருந்துச்சு. என்கிட்ட இல்ல. நான் அவன் கழுத்தை நெரிக்கிறப்ப கடிச்சிட்டான்."

"யாருப்பா அவன்?"

உடைந்த திரையின் மூலையில் அவள் கையெழுத்து மட்டும் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கண்ணால் காட்டினார்.

"உன் பேருக்குப் பின்னாடி அப்பா பேருன்னு போட்டிருக்கியே, அது அவன் காகிதத்துல இருந்த பேரு."