துடைக்காமல் வைத்த கத்தரி

“துடைச்சு, எண்ணெய் போட்டுத்தான் மாமா திருப்பிக் குடுத்தேன்.”

“அப்போ துரு தானா நடந்து வந்து ஏறுச்சா, மச்சான்?”

பின்வாசலில் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பைக் குறைத்தாள்.

ஒரு பக்கம் கட்டின புருஷன். இன்னொரு பக்கம் கூடப்பிறந்த தம்பி. நடுவில் செடி வெட்டுகிற கத்தரி, துருவேறி, வாயைத் திறக்க முடியாமல் கிடந்தது.

அந்தக் கத்தரி என்றால் அவருக்கு உயிர். ஒரு செடியை வெட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போகும் முன் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். நோய் ஒட்டிக்கொள்ளுமாம். சாப்பாட்டுக்கு முன் அவர் தன் கையை அப்படிக் கழுவி அவள் பார்த்ததில்லை.

இப்போது திருகைக் கழற்றி, வினிகரில் ஊறவைத்த அலகுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்பும் மச்சான் தலையில் வைக்கிற குட்டு மாதிரி இருந்தது.

“இரவல் வாங்குறது பெருசில்ல மச்சான். வாங்கினபடி குடுக்கணும்.”

“சரி மாமா. இனிமே உங்க கத்தரியும் வேண்டாம், உங்க வீட்டு ஞாயித்துக்கிழமை சாப்பாடும் வேண்டாம்.”

தம்பி விறுவிறுவென்று செருப்பை மாட்டினான். கால் மாறி மாட்டிவிட்டான். அதைத் திருத்தினால் ரோஷம் குறைந்துவிடும் என்று அப்படியே நடந்து போனான்.

ஒரு குடைக்காகச் சித்தப்பாவிடம் ஏழு வருடம் பேசாமல் இருந்தவன் அவன். சொன்னால் சொன்னதுதான்.

பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் போகவில்லை. கத்தரியின் தோல் உறையை நக்கிக்கொண்டே இருந்தது.

“இதுக்கு என்ன கேடு?” என்று அவர் காலால் தள்ளினார். அவள் அவசரமாக அடுப்படிக்குத் திரும்பினாள்.

மதியம் கத்தரி கண்ணாடி மாதிரி மின்னியது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, திறந்து மூடிக் காட்டினார். பிறகு உறையோடு அவள் கையில் கொடுத்தார்.

“இனி இது உன்கிட்டயே இருக்கட்டும். வேற யாரை நம்புறது?”

அவள் வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

தம்பி அதைத் திருப்பிக் கொடுத்த மறுநாள்தான் சமையல் கத்தரி உடைந்தது. மீன் துடுப்பு வெட்டக் கைக்கு அகப்பட்டது இதுதான். என்ன கச்சிதமாக வெட்டியது தெரியுமா. உப்புத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு உறையில் சொருகியதுதான் தப்பு. “மீனை நல்லா சுத்தம் பண்ணியிருக்கே” என்று அன்றைக்கு அவரே இரண்டு துண்டு கூடச் சாப்பிட்டார்.

அந்த ‘அவள்’ நான்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. அதற்குள் என் தம்பி வீட்டுக்கு வந்தாக வேண்டும். இவரிடம் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? அனுபவப்பட்டவர்கள் கீழே எழுதுங்கள். தோல் உறையில் மீன் வாடை போக வழி தெரிந்தவர்கள் முதலில் எழுதுங்கள், பூனை இன்னும் வாசலில்தான் இருக்கிறது.