ஏழாம் வளைவு

கதவைத் திறந்ததும் மேவிஸ் டிரெலோர் முதலில் கேட்டது, சாப்பிட்டாயா என்றுதான்.

டீகன் அதற்குத் தயாராக வரவில்லை. அடிலெய்டிலிருந்து இரண்டு மணி நேரம், மழையில், கோதுமை வயல்களுக்கு நடுவே காரை ஓட்டி வந்தபோது அவள் மனத்தில் ஓடியதெல்லாம் வேறு. கன்னத்தில் ஓர் அறை விழலாம். கதவை முகத்தில் அறைந்து சாத்தலாம். எது நடந்தாலும் வாயைத் திறக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

மேவிஸின் கணவர் கிளெம் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. டீகன் ஓட்டிய பந்தயக் கார் மோதித்தான் அவர் இறந்தார்.

சமையலறை மேசை முழுக்க, அடக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கேக்குகள். ஒன்றும் வெட்டப்படவில்லை. மேவிஸ் ஒன்றை வெட்டித் தட்டில் வைத்தாள். டீ ஊற்றினாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.

கிளெம் வார நாட்களில் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவார். பந்தய நாட்களில் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு பந்தயத் தடத்தின் ஏழாம் வளைவில் கொடியோடு போய் நிற்பார். முப்பத்தொரு வருடமாக அதே வளைவு. முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடியை ஆட்ட வேண்டும். அதைப் பார்த்த ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

அன்று நல்ல மழை. ஏழாம் வளைவில் ஒரு கார் வழுக்கிச் சுழன்று நின்றது. கிளெமோடு நின்றிருந்தவர் அதை நோக்கி ஓடினார். பின்னாலேயே வந்த டீகனின் காரும் அதே இடத்தில் வழுக்கியது. தடத்தோரம் தடுப்பாக வைத்திருந்த டயர் அடுக்கின் மேல் ஏறி, அந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் கிளெம் நின்றிருந்தார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். சுழன்ற காரை நோக்கி ஓடியவர், கிளெமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியதால் எதையும் பார்க்கவில்லை. காரில் இருந்த கேமராவில் தண்ணீரைத் தவிர ஒன்றும் பதிவாகவில்லை. கொடி ஆடியதா என்று டீகனைக் கேட்டார்கள்.

பார்க்கவில்லை என்றாள்.

அதை அவர்கள், கொடி காட்டப்படவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். மேவிஸுக்கும் அப்படியே கடிதம் போட்டார்கள்.

அதன்பிறகு அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்பது வயதில் மண் தடத்தில் சின்னக் காரோடு ஆரம்பித்தவள். இருபத்து மூன்றாவது வயதில் இப்போதுதான் ஒரு பெரிய அணி அவளை நம்பிக் காரைக் கொடுத்திருக்கிறது. அடுத்த பருவமும் நீதான், திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு என்று அணி மேலாளர் சொல்லியிருந்தார்.

மேவிஸ் எதிரே உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கண்ணு. அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். போன குளிர்காலத்திலிருந்தே கிளெமுக்கு மறதி. குழாயைத் திறந்துவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் வாசலில் நின்ற தன் சொந்தக் காரைப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். டாக்டரைப் பார்க்க நாள் குறித்தது மேவிஸ்தான்; அதை ரத்து செய்ததும் அவள்தான். டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் கொடியைப் பிடுங்கிவிடுவார்கள். அது போனால் அந்த மனுஷன் எதற்காகக் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்வார்? யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகளிடம்கூட.

"கொடியைக் கையில வச்சுக்கிட்டே எதுக்கு நிக்கிறோம்னு மறந்துபோயிருப்பார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் அங்க நின்னிருக்கவே மாட்டார். உன் தலையிலயும் இந்தப் பாரம் ஏறியிருக்காது. என்னை மன்னிச்சிடும்மா."

அவள் கை நீண்டு வந்து டீகனின் கைமேல் படிந்தது. சில்லென்றிருந்தது. விரல் இளைத்துப்போய், மோதிரம் கழன்று விழாமல் நூல் சுற்றியிருந்தாள்.

டீகன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழாதீர்கள் என்று சொல்லலாம். கேக்கைத் தின்றுவிட்டு எழுந்து போகலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. இந்தக் கிழவி மட்டும், கணவனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு மிச்ச நாட்களைக் கழிப்பாள்.

"அவர் மறக்கல," என்றாள்.

மேவிஸ் நிமிர்ந்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிட்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்தும் ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுக்கல."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். அதற்கு முந்தைய பந்தயத்தில் கொடியைப் பார்த்ததும் மற்ற எல்லோரையும்விட அதிகமாக வேகத்தைக் குறைத்து, இரண்டு இடம் பின்தங்கினாள். பெண்பிள்ளைதானே, பயந்துவிட்டது என்று அணிக்குள்ளேயே சிரித்தார்கள். இந்தத் தடவை அப்படி யாரும் சிரித்துவிடக் கூடாது என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். அதற்குள் வளைவு வந்துவிட்டது.

மேவிஸ் கையை எடுத்துக்கொண்டாள்.

எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியருகே, ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். அவள் முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"ரெண்டு கையாலயுமா?"

டீகன் ஆமாம் என்றாள்.

மேவிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அலமாரியிலிருந்து விசாரணைக் குழுவின் கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். பக்கத்தில் தொலைபேசியை வைத்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ்ல ஆள் இருப்பாங்க. அவங்ககிட்டயும் சொல்லு."

டீகன் கடிதத்தின் அடியிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.