நாப்பத்தொரு பேர்

“நான் கையெழுத்து வைக்கமாட்டன்,” எண்டா இரத்தினம்மா அக்கா, தையல் மெஷினிலை இருந்து தலையை நிமிர்த்தாமலே.

எனக்கு விசர் வந்திட்டுது.

எங்கடை ஒழுங்கைக் கஜீபன், தேப்பனுக்கு ஆடி அமாவாசைக் கடமை செய்ய கீரிமலைக்குப் போட்டு மோட்டச்சைக்கிளிலை வந்தவன். பொலிஸ் மறிச்சு, ஒரு கேள்வியும் கேக்காமல் பொல்லாலை விளாசிப்போட்டுது. வலப்பக்கக் காது இனிக் கேக்காதாம். நடந்தது இரத்தினம்மா அக்கான்ரை வீட்டு வாசல் படலையடியிலை.

“நாப்பத்தொரு பேர் வைச்சிட்டினம் அக்கா. கனகரட்ணம் மாஸ்டரே வைச்சிட்டார். உங்களுக்கு மட்டும் என்ன பயம்?”

“கும்பலா எழுதுற கடுதாசி எனக்குச் சரிவராது. போன மாசம் நீ கொண்டந்த மகஜருக்கும் வைக்கேல்லைதானே.”

“அது மோட்டச்சைக்கிள் சத்தத்துக்கு. இது ஒரு பொடியன்ரை காது.”

“விசாரணை எப்ப?”

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ரவுணிலை, மனித உரிமை ஆணைக்குழுக் கந்தோரிலை. நீங்கள் எங்கை வரப்போறியள்? உங்களை மாதிரி ஆக்கள் இருக்கிறபடியால்தான் உவங்கள் அடிக்கிறாங்கள்.”

அவ நூலைப் பல்லாலை கடிச்சு அறுத்தா.

வெள்ளிக்கிழமை. விசாரிக்க ஆணைக்குழுவிலை இருந்து ஒரு மிஸ். அந்தப் பக்கம் பொலிஸ் பொறுப்பதிகாரி. எங்கடை பக்கம் கஜீபன், தாய் குணலட்சுமி மாமி, மாஸ்டரோடை ஒரு பத்துப் பேர்.

நான் எழும்பினன். சட்டம் படிக்கிறனான், ஒழுங்கையிலை மகஜர் எழுதுறதும் நான்தான். “அடிக்கச் சொல்லி எந்தச் சட்டத்திலை இருக்கு?”

பொறுப்பதிகாரி ஒரு கடுதாசியை மேசையிலை வைச்சார். “இவை கேட்டதைத்தான் செய்தனாங்கள்.”

மிஸ் வாசிச்சா. “‘எமது ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞர்களை அடித்தாவது திருத்துமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். இதுபற்றி நாம் எவரும் கேள்வி கேட்கமாட்டோம்.’ இதிலையும் நாப்பத்தொரு பேர். ஆர் எழுதினது?”

மாஸ்டர் என்னைப் பாத்தார். குணலட்சுமி மாமி நிலத்தைப் பாத்தா. அவவின்ரை பேர் அதிலை மூண்டாவது.

“நான்தான்,” எண்டன்.

“மகஜர் குடுத்தால் அடிக்கலாமெண்டும் சட்டம் இல்லை,” எண்டு மிஸ் பொறுப்பதிகாரிக்குச் சொன்னா. பேந்து எங்கடை பக்கம் திரும்பினா. “கஜீபனுக்கு அடிச்சவரின்ரை முகம் தெரியாதாம். புது மகஜரிலை எல்லாரும் கண்ணாலை கண்டதெண்டு கிடக்கு. அடிச்சது ஆரெண்டு சொல்லுங்கோ.”

மாஸ்டர் மணிக்கூட்டைப் பாத்தார். “நாங்கள் பிறகுதான் கேள்விப்பட்டனாங்கள், மிஸ்.”

பொறுப்பதிகாரி சிரிச்சுக்கொண்டு தன்ரை கடுதாசிக் கோவையை மூடினார்.

கதவடியிலை ஆரோ செருப்புக் கழட்டிற சத்தம். இரத்தினம்மா அக்கா.

“பஸ் பிந்திப்போச்சு மிஸ். பொடியனை அடிச்ச பொலிஸ்காரன்ரை சட்டையிலை கிடந்த நம்பரை எழுதி வைச்சிருக்கிறன்.” அளவு எழுதுற கொப்பியை விரிச்சு வைச்சா. ஆற்றையோ சட்டையின்ரை இடுப்பளவுக்குக் கீழை அந்த நம்பர், நேரத்தோடை.

பொறுப்பதிகாரி கோவையைத் திரும்பத் திறந்தார்.

மிஸ் ரெண்டு மகஜரையும் புரட்டிப் பாத்தா. “உங்கடை பேர் ஒண்டிலையும் இல்லையே?”

“இல்லை மிஸ். முதல் கடுதாசியிலை அடிக்கச் சொல்லிக் கிடந்தது. ரெண்டாவதிலை எல்லாரும் கண்டதெண்டு கிடந்தது. அங்கை நிண்டது நான் மட்டும்தானே.”