முப்பத்தாறு கட்டங்கள்

அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். ஈரம் அண்டாமலிருக்கப் போட்ட மணிகள், நெகடிவ்களுக்கென்று காகித உறைகள், ஒவ்வோர் உறையிலும் தேதி. கடைசி உறையில் மட்டும் தேதி இல்லை. "அப்பா" என்று எழுதியிருந்தாள்.

"அம்மா ஃபோன் பண்ணாங்க. அப்பா படத்தைப் பெரிசாப் போட்டு வைக்கணுமாம். நாளைக்கு வர்றாங்க."

ஸ்டுடியோ கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த கணவன் நிமிரவில்லை. "ம்," என்றான்.

படத்துக்கு நிற்கவே மாட்டேன் என்று வாழ்நாளெல்லாம் அடம்பிடித்த அவள் அப்பா, ஒரே ஒரு நாள் சம்மதித்தார். கேமராவோடு நின்ற மருமகனிடம் அன்றைக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளை, படத்துல எனக்குத் தலை இருக்குமா? இல்ல, நல்ல ஆளாப் பார்த்துக் கூப்பிடட்டுமா?" வீடே சிரித்தது. பத்தே நாளில் கண்ணை மூடிவிட்டார்.

ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவுவது அவள் வேலை. பால் படிந்தாற்போல் வந்தால் மிச்சப் பூச்சைக் கரைக்கும் புது ஃபிக்ஸர் மருந்தில் மறுபடி ஊறவைப்பாள். கறை நின்றால் மறுபடி அலசுவாள். பிறர் பாழாக்கியதையெல்லாம் தேற்றிக் கொடுத்தவளுக்கு அந்தச் சுருள் மட்டும் வெறும் கண்ணாடியாக வந்தது.

துக்கத்தில் புத்தி கெட்டுப்போய், படத்தை வரவழைக்கிற டெவலப்பருக்கு முன்னால் ஃபிக்ஸரை ஊற்றியிருக்கிறோம். அப்படித்தான் முடிவுகட்டினாள், பாவம். இன்னொரு முறை பார்க்கத் தைரியமில்லாமல் உறையில் போட்டு மூடினாள். ஓராண்டாகச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அவனும் அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று ஒளிக்க இடமில்லை.

"ஏங்க, அப்பா ஃபிலிமை நான்தான் கெடுத்துட்டேன். மருந்தை மாத்தி ஊத்திட்டேன். அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவன் எழுந்து வந்தான். சுருளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"ஓரத்துல பாரு. ஒண்ணுலேர்ந்து முப்பத்தாறு வரைக்கும் நம்பர் கறுப்பா வந்திருக்கு. கம்பெனியிலயே பதிச்சு அனுப்பறது. மருந்தை மாத்தி ஊத்தியிருந்தா இதுவும் வந்திருக்காது."

"அப்படின்னா?"

"நீ ஒழுங்காத்தாம்மா கழுவியிருக்க."

நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போலிருந்தது அவளுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கேமராதான் ரிப்பேரா? அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க. அம்மாகிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்."

"கேமரா நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் சுருளை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கப்பா மேல இருந்த ஆத்திரத்துல, லென்ஸ் மூடியைக் கழட்டாமலே எடுத்தேன்."